தருமபுரியிலிருந்து அந்தமானுக்குக் குடும்பத்தோடு: செலவைக் குறைக்கும் முழுமையான வழிகாட்டி

அந்தமான் போய்வந்த குடும்பங்களின் கணக்கைப் பார்த்தால், பணம் கரைந்த வழிகள் நான்குதான்: விமானம், தீவுக்குத் தீவு போகும் கப்பல், வாடகைக் கார், கடல் விளையாட்டு. நம் ஊர்க்காரர்கள் சிக்கனம் பிடிப்பதோ சாப்பாட்டில். அதில் மிஞ்சுவது சொற்பம், வீட்டாரின் முகச்சுளிப்பு அதிகம்.

உண்மையான மிச்சம் வேலைகளைச் செய்யும் வரிசையில் இருக்கிறது. இரண்டு பெரியவர்கள், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வீடு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பெயர்களை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு, நீல் தீவு அப்போதிருந்தே ஷாஹித் தீவு. டிக்கெட் தளங்களில் சில பழைய பெயரையும் சில புதிய பெயரையும் போடுகின்றன. ஒரே ஊரை இரண்டாக எண்ணிக் குழம்பியவர்கள் உண்டு. இங்கே பழைய பெயர்களையே எழுதுகிறேன், ஆட்டோக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

1. எத்தனை தீவு, எத்தனை இரவு என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

அறையைத் தேடுவதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு தீவும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கப்பல் டிக்கெட்டைக் கூட்டுகிறது.

போர்ட் பிளேர் – ஹேவ்லாக் – நீல் – போர்ட் பிளேர் என்று சுற்றினால் மூன்று கடல் பயணம். நான்கு பேருக்குப் பன்னிரண்டு டிக்கெட். ஹேவ்லாக் மட்டும் போய்த் திரும்பினால் எட்டு. நீல் தீவுக்கான அறை மாற்றம், துறைமுகத்துக்குப் போகவர ஆட்டோ, அவசரத்தில் வாங்கும் சாப்பாடு எல்லாம் அதோடு சேர்ந்து குறையும்.

என் கருத்து: ஐந்து இரவு என்றால் ஹேவ்லாக் மட்டும் போதும். ஆறு இரவுக்கு மேல் இருந்தால் நீல் தீவையும் சேருங்கள். நான்கு இரவில் இரண்டு தீவையும் திணிப்பவர்கள் பாதி நேரத்தைத் துறைமுக வரிசையில்தான் கழிக்கிறார்கள்.

கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் இருக்க வேண்டும், இதில் பேரமே கிடையாது. கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கில் ஏராளமான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. காலையில் ஹேவ்லாக், மதியம் விமானம் என்று திட்டமிட்டவர் ஒரு கப்பல் ரத்தானால் நான்கு விமான டிக்கெட்டை இழப்பார். ஒரு இரவு வாடகை அதைவிட மலிவு.

2. நாள் குறிப்பது

டிசம்பர் கடைசி வாரமும் பொங்கலை ஒட்டிய நாட்களும் எல்லா விலையும் உச்சத்தில் இருக்கும் காலம். அரையாண்டு விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்கள் மூன்று, நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுக்க வேண்டும்.

பெரிய பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் கிளம்புவது நடுத்தரம். வெயில் இருக்கும், கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே பாதிக்கு மேல் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும். கேரளாவுக்கு முன்னால் மழை இறங்கும் இடம் அதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் கப்பல் ரத்தாகும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த மலிவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு மே, ஜூன் எப்படியும் ஆகாது. அவர்களுக்குப் பிப்ரவரி நல்ல மாதம். கூட்டம் வடிந்திருக்கும், கடலும் தெளிந்திருக்கும். பள்ளிக்கு நாலைந்து நாள் விடுப்பு எழுதித்தர வேண்டும், அவ்வளவுதான்.

மத்திய அரசு ஊழியராக இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் அலுவலகத்தில் விடுப்புப் பயணச் சலுகை பற்றிக் கேளுங்கள். அந்தமானுக்கு விமானத்தில் போகத் தனிச் சலுகை உத்தரவுகள் வந்திருக்கின்றன. அரசு அனுமதித்த முகவர்கள் வழியாக எடுத்தால்தான் பணம் திரும்பும் என்பதால், எடுத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

3. விமானம்: சென்னையா, பெங்களூரா

இரண்டு ஊரிலிருந்தும் நேரடி விமானம் உண்டு, பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள்ளும் சற்று அதிகமுமாக இருக்கும். டிக்கெட் விலையை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் தவறு. வீட்டு வாசலிலிருந்து விமான நிலைய வாசல் வரை ஆகும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் தொண்ணூறு கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து நூற்று முப்பது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு வடக்கே. நாமோ தெற்கிலிருந்து நுழைகிறோம், நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும். அதிகாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவது மாலையில் மூன்று மணியும் ஆகலாம்.

பஸ்ஸில் போனால் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி வாயு வஜ்ரா விமான நிலையப் பேருந்தில் ஏறுங்கள். நகர நடுவிலுள்ள மெஜஸ்டிக் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் ஊரிலிருந்தே காரையும் விசாரியுங்கள். அப்படி விசாரிக்கும்போது சுங்கக் கட்டணம், கர்நாடக நுழைவு வரி, விமான நிலைய வாகன நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகையா என்று கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கைச் சொல்லிவிட்டு, அத்திப்பள்ளியில் வண்டியை ஓரங்கட்டி வரிப் பணம் கேட்பது வாடிக்கை.

சென்னைக்கு இரவு பஸ் வசதி. இரவு முழுவதும் தூங்கிக்கொண்டே போனால் விடுதி வாடகை மிச்சம். எந்த நிலையத்தில் பஸ் முடிகிறது என்று கேட்டு ஏறுங்கள். கோயம்பேடு என்றால் மெட்ரோ ஏறி விமான நிலையத்துக்கே போய்விடலாம், காலை 5 மணி வாக்கில்தான் முதல் ரயில். கிளாம்பாக்கம் என்றால் ஜிஎஸ்டி சாலை வழியாக மாநகரப் பேருந்து இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக்காரர்களுக்கு மொரப்பூரில் நிற்கும் சென்னை ரயில்கள் கைகொடுக்கும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையமே இல்லாததால் அவர்கள் ஜோலார்பேட்டைக்குப் போக வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், ஓசூர்ப் பக்கத்தவர்கள் யோசிக்காமல் பெங்களூர். கிருஷ்ணகிரிக்கு இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தருமபுரிக்கு, அதுவும் காலை விமானம் என்றால், சென்னையே பல சமயம் மலிவாக முடிகிறது.

டிக்கெட் தேடும்போது ஒன்று கவனியுங்கள். நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடினால் நான்கு பேருக்கும் ஒரே விலைதான் காட்டும். மலிவான இருக்கை இரண்டுதான் மிச்சம் என்றால் நால்வரையும் அடுத்த விலைக்கு ஏற்றிவிடும். முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு நால்வருக்குத் தேடுங்கள். விலை வேறுபட்டால் இரண்டு இரண்டாக எடுங்கள், ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை இருக்கும்படி. காரணம் அடுத்த பகுதியில்.

காலையில் போர்ட் பிளேர் சேரும் விமானமாகப் பாருங்கள். அங்கும் இந்திய நேரம்தான், ஆனால் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மதியம் 3 மணிக்கு இறங்குபவர் அன்றைய நாளை இழந்தவரே. ஆயிரம் ரூபாய் குறைவு என்று அந்த விமானத்தை எடுத்து, எதையும் பார்க்காத நாளுக்கு அறை வாடகை கொடுப்பதில் என்ன மிச்சம்?

கப்பலிலேயே சென்னையிலிருந்து போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம், மூன்று நாள் ஆகும், திரும்பவும் அதே. புறப்படும் நாளும் மாதாமாதம் மாறும். கையில் இரண்டு வாரம் விடுப்பு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

4. பெயரும் இருக்கையும்

நம் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. விமான நிறுவனத் தளமோ கடைசிப் பெயர் கேட்கும். ஆதார் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். தலைப்பெழுத்து மட்டும் இருந்து தளம் அதை ஏற்காவிட்டால், தந்தை அல்லது கணவர் பெயரை விரித்து எழுதுங்கள். அவசரத்தில் ‘அப்பா’, ‘குட்டி’ என்று செல்லப்பெயர் போட்டு, பிறகு திருத்தக் கட்டணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கும் ஆதாரோ பள்ளி அடையாள அட்டையோ எடுத்துவையுங்கள். கப்பலிலும் கேட்பார்கள்.

இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும்தான் மடியில் வைத்துக்கொள்ளும் குறைந்த கட்டணம். பயணம் செய்யும் நாளில் வயது என்ன என்பதுதான் கணக்கு. பிறந்தநாள் பயணத்துக்கு நடுவில் வந்தால் திரும்பும் டிக்கெட் முழு விலை.

டிக்கெட் எடுத்ததும் இருக்கைக்குத் தனிப் பணம் கேட்டுத் திரை வரும். தாண்டிச் செல்லுங்கள். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளையை, அதே டிக்கெட்டில் உள்ள பெற்றோர் ஒருவர் அருகே உட்காரவைக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. மேலே சொன்னபடி பிரித்து எடுத்தவர்களுக்கு இது காப்பு. அப்பா அம்மா ஒரு டிக்கெட், பிள்ளைகள் வேறு டிக்கெட் என்று பிரித்தால் இந்தச் சலுகை கைநழுவும்.

5. கப்பல்: அறைக்கு முன்னால் இதுதான்

பெரும்பாலோர் இடறும் இடம் இது. அழகான அறையாகப் பார்த்து முன்பதிவு செய்துவிட்டு, பிறகு கப்பலைத் தேடுவார்கள். அந்தத் தேதியில் காலைக் கப்பல் நிறைந்திருக்கும், மாலைக் கப்பல்தான் மிச்சம். விளைவு, காலை எட்டு மணிக்கு ஓர் அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளோடு நாள் முழுவதும் துறைமுகத்தைச் சுற்றுவது.

கப்பல் இரண்டு வகை. மாக்ரஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் கப்பல்கள் ஹேவ்லாக் சேரக் கப்பலைப் பொறுத்து ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை ஆகும், ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் தொடங்கும். அரசுக் கப்பல் இரண்டு, இரண்டரை மணி நேரம் எடுக்கும், கட்டணம் அதைவிடக் குறைவு. அரசு டிக்கெட்டைத் தனியாருடையதைப் போல மாதக்கணக்கில் முன்னதாக வாங்கிவைக்க முடியாது. தீவுவாசிகளுக்கே அது பஸ் மாதிரி, அதனால் கூட்டமும் இருக்கும்.

இரண்டையும் கலப்பதே நான் சொல்லும் வழி. போகும் வழிக்குத் தனியார் கப்பலை முன்பே எடுங்கள், அறை முன்பதிவு அதை நம்பித்தான் நிற்கிறது. திரும்பும் வழிக்கு அரசுக் கப்பலை முயலுங்கள். கடைசி இரவு போர்ட் பிளேரில் என்று வைத்துக்கொண்டதால், அன்று எந்த நேரத்தில் சேர்ந்தாலும் பாதகமில்லை. கிடைக்காவிட்டால் எடுக்க நால்வருக்கும் தனியார் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கூட்டத்தில் மட்டும் இந்தச் சூதாட்டம் வேண்டாம், இரு வழியும் தனியாரையே எடுத்துவிடுங்கள்.

குமட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளுக்குத் தொப்பூர் கணவாய் வளைவு பழக்கம், கடல் அலை பழக்கமில்லை. அரசுக் கப்பலின் கீழ்த்தளத்தில் டீசல் வாடை, மூடிய குளிர்காற்று, பக்கத்து இருக்கைக்காரர் பிரிக்கும் முட்டைப் பொட்டலம் மூன்றும் கலந்து வரும். அங்கே கைப்பேசியைக் குனிந்து பார்க்கும் பிள்ளை பத்து நிமிடத்தில் வாந்தி எடுக்கும். மேல்தளத்துக்கு அழைத்துப் போய்த் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், வாயில் ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் கொடுங்கள். தனியார் அதிவேகக் கப்பல்களில் பெரும்பாலும் உள்ளேயே உட்கார வேண்டியிருக்கும், அதற்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வைத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், இரண்டு இட்லி போதும்.

6. அறை

கப்பல் உறுதியான பிறகு, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள். போர்ட் பிளேரில் அபர்தீன் பஜாருக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் சாப்பாடு, பஸ், செல்லுலார் சிறை எல்லாமே நடந்தே முடியும். ஹேவ்லாக்கில் கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பகல் முழுவதும் கடற்கரையில்தான் இருப்பீர்கள், மாலை ஐந்தரைக்கு மேல் சன்னலில் இருட்டுதான்.

நான்கு பேர் ஒரே அறையில் தங்கலாமா, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்குக் காலை உணவு உண்டா என்று விடுதிக்கே தொலைபேசியில் கேளுங்கள். தமிழிலேயே பேசிப் பாருங்கள். அங்கே தமிழர்கள் நிறைய, பல இடங்களில் பதில் தமிழிலேயே வரும்.

7. பேக்கேஜ் எடுப்பதாக இருந்தால்

பேக்கேஜ் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களோடு போகும்போது அலைச்சல் குறையும். ஆனால் தனித்தனியாக எடுத்தால் எவ்வளவு என்று தெரியாமல் பயண முகவரின் மேசை முன் உட்காராதீர்கள். மேலே சொன்ன விமானம், கப்பல், அறை மூன்றையும் விலை பார்த்து எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும்.

‘எல்லாம் சேர்த்து’ என்று சொன்னவரிடம் இவற்றை எழுதி வாங்குங்கள்: எந்தக் கப்பல், எந்த வகுப்பு, விடுதியின் பெயர், நுழைவுக் கட்டணம் யார் கட்டுவது, ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் பீச் கடற்கரைக்குப் போகும் படகு சேர்ந்ததா, ஜிஎஸ்டி சேர்ந்ததா, கப்பல் ரத்தானால் கூடுதல் இரவுக்கு யார் பொறுப்பு. ‘இதற்கு இணையான விடுதி’ என்று போட்டிருந்தால், அது எந்த விடுதி என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

8. தீவுக்குள் சுற்றுவது

முழு நாள் கார் என்பதுதான் கண்ணுக்குத் தெரியாமல் பணம் தின்னும் சமாசாரம். போர்ட் பிளேரில் சிடியா தாப்பு, வண்டூர் ஆகிய இடங்களுக்கு அரசு பஸ் போகிறது. சிறை பார்க்க, மெரினா பூங்காவில் நடக்க வண்டியே தேவையில்லை. சிறைக்கு விடுமுறை நாள் எது என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மாலை ஒலி ஒளிக் காட்சிக்குத் தனி டிக்கெட்.

ஹேவ்லாக்கில் துறைமுகத்திலிருந்து ராதாநகர் கடற்கரை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். அரசு பஸ் உண்டு, கடைசிப் பஸ் எப்போது என்று நடத்துநரிடம் இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் இருவருக்கும் ஓட்டுநர் உரிமம் இருந்தால் இரண்டு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பது காரைவிட வெகு மலிவு. உரிமத்தின் அசலை ஊரிலேயே வைத்துவிட்டு வருபவர்கள்தான் காருக்குப் பணம் கொடுக்கிறார்கள். வண்டியை எடுக்கும் முன் கீறல்களைப் படம்பிடித்துக்கொள்ளுங்கள்.

நீல் தீவில் இயற்கைப் பாறைப் பாலத்தை அலை இறங்கிய நேரத்தில்தான் நடந்து போய்ப் பார்க்க முடியும். ஓத நேரத்தை விடுதியில் கேட்டுவிட்டு ஆட்டோ பேசுங்கள். இல்லையென்றால் அதே இடத்துக்கு இரண்டு முறை ஆட்டோக்கூலி.

9. சாப்பாடு

ஹேவ்லாக்கில் அரிசி முதல் தக்காளி வரை பலதும் கப்பலில் வருவதால் ரிசார்ட் சாப்பாடு கடிக்கும். துறைமுகம் அருகிலும் பஜாரிலும் உள்ள சிறு கடைகளில் மீன் சாப்பாடு நியாய விலைக்குக் கிடைக்கும். போர்ட் பிளேரில் இட்லி, தோசைக்குக் குறைவே இல்லை.

ஊரிலிருந்து பெட்டி நிறையச் சமையல் சாமான் கட்டாதீர்கள். அறையில் சமைக்கப் பெரும்பாலான விடுதிகள் விடுவதில்லை, விமானத்தில் கூடுதல் எடைக்குக் கிலோ கணக்கில் வாங்கிவிடுவார்கள். அவல், பொரிவிளங்காய் உருண்டை, வறுத்த நிலக்கடலை, புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, இவ்வளவு போதும். பிள்ளைகள் நான்கு மணிக்குப் பசி என்னும்போது கடற்கரைக் கடையிலிருந்து காப்பாற்றுவது இவைதான்.

10. கடல் விளையாட்டு

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எலிஃபண்ட் பீச் படகுக் கட்டணத்தில் சிறிது நேரம் ஸ்நார்க்லிங் (மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) சேர்ந்தே இருக்கும், பிள்ளைகளுக்கு அதுவே தாராளம். காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா ஆளுக்கு மூவாயிரத்தைத் தாண்டும், சிறு பிள்ளைகளுக்கு வயது வரம்பும் உண்டு. பெரியவர்களில் ஆசைப்படும் ஒருவர் மட்டும் இறங்கட்டும். ஹேவ்லாக் போகிறவர்களுக்கு போர்ட் பிளேர் அருகிலுள்ள நார்த் பே தேவையில்லை, பழைய இருபது ரூபாய் நோட்டின் கலங்கரை விளக்கத்தை நேரில் பார்த்தே தீருவேன் என்பவர்களைத் தவிர.

ஒகேனக்கல் பரிசல் துறையில் செய்வதுபோல் இங்கே படகுக்காரரோடு ரொம்ப நேரம் பேரம் பேசப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் பொதுக் கட்டணம்தான். விலை மாறுவது, காணொளி எடுத்துத் தருகிறோம் என்று கரையில் சேர்க்கும் கூடுதல்களில்தான். படகு ஏறும் முன் ‘வேண்டாம்’ என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கடற்கரையில், யார் குளித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் இறங்க வேண்டாம்.

11. பெட்டியும் பணமும்

சாதாரண டிக்கெட்டில் ஆளுக்குப் பதினைந்து கிலோ பெட்டி, ஏழு கிலோ கைப்பை என்பதே வழக்கம். வீட்டிலேயே எடை போட்டுப் பாருங்கள். ஊறுகாய், எண்ணெய், மிளகாய்ப்பொடி, இட்லிப்பொடி ஆகியவற்றைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில்தான். கோயிலில் கொடுத்த கொப்பரைத் தேங்காய் எதிலும் ஆகாது.

2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு போர்ட் பிளேரில் இணையம் தேறிவிட்டது. சின்னத் தீவுகளில் அப்படி எதிர்பார்க்க முடியாது, ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். தீவில் கழியும் நாட்களுக்கான பணத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா டிக்கெட்டையும் அச்செடுத்து ஓர் உறையில் போடுங்கள்.

12. திரும்பும் நாள்

பிள்ளைகளின் பைகளை முதல்நாள் இரவே கொட்டிப் பாருங்கள். கரையில் பொறுக்கிய சிப்பி, சங்கு, செத்த பவளத் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. விமான நிலையச் சோதனையில் பறிமுதல் செய்வார்கள், வனவிலங்குச் சட்டத்தின் கீழ் சிக்கலும் வரலாம். கடையில் வாங்கிய சிப்பிப் பொருளுக்கு ரசீது கையில் இருக்கட்டும்.

சென்னையிலோ பெங்களூரிலோ விமானம் இறங்கும் நேரத்தோடு மூன்று மணி நேரம் கூட்டி அதற்குப் பிறகு கிளம்பும் பஸ்ஸில் இடம் பிடியுங்கள், அந்தமான் விமானம் தாமதமாவது சகஜம். பெங்களூரில் இறங்குபவர்கள் ஊரிலிருந்து காரை வரவழைத்தால் வெறும் வண்டி வரும் தூரத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் அங்கிருந்து ஒருவழிக் கட்டணத்தில் வரும் காரையோ, ஓசூர் வரை பஸ்ஸையோ பாருங்கள். ஓசூர் வந்துவிட்டால் நள்ளிரவிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் போகும் பஸ் கிடைக்கும்.